ஒல்லாந்துக்குப் படிக்கப் போன அம்மா

“பேராசிரியர்களுக்கு மாடியில் இடம் ஒதுக்கியிருக்கிறோம், மேடம். காபியும் அங்கேதான்.”

நெதர்லாந்தின், எங்கள் தமிழில் ஒல்லாந்தின், வடக்கே ஒரு பல்கலைக்கழக நகரம். வெளிநாட்டு மாணவர்களை வரவேற்கும் நாள். வாசலில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு நின்ற பெண்பிள்ளை என்னைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாள். எனக்கு முன்னால் நின்றவர்களுக்கும் பின்னால் நின்றவர்களுக்கும் இருபது, இருபத்தொரு வயது இருக்கும். எனக்கு நாற்பத்திநாலு.

“நானும் மாணவிதான் பிள்ளை” என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நியூசிலாந்தின் ஒக்லாந்திலிருந்து விமானம் மாறி மாறி வந்த களைப்பு இன்னும் போகவில்லை. மாடியிலிருந்து நல்ல காபி வாசம் வந்துகொண்டிருந்தது. ஏறிவிட்டேன்.

மேலே ஒரு நெடிய மனிதர் எனக்கு பிஸ்கட் தின்னக் கற்றுத் தந்தார். நடுவில் பாகு வைத்த மெல்லிய வட்ட பிஸ்கட் அது. அதைச் சுடுகாபிக் கோப்பையின் மேல் மூடி போல வைக்க வேண்டுமாம். ஆவியில் பாகு இளகி வரும்போது எடுத்துக் கடிக்க வேண்டுமாம். கடித்தேன். வயதை வைத்து மாடிக்கு அனுப்பிவிட்டார்களே என்று அந்த நாட்டோடு எனக்கிருந்த முதல் மனத்தாங்கல் அப்போதே தீர்ந்துபோயிற்று.

“நீங்கள் என்ன பாடம்?” என்று கேட்டார்.

“நகரத் திட்டமிடல்.”

“அட, நானும் அதுதான்! எந்த ஆண்டுக்குக் கற்பிக்கிறீர்கள்?”

“மூன்றாம் ஆண்டில் படிக்கிறேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “அப்படியென்றால் திங்கட்கிழமை என் வகுப்பில்தான் இருப்பீர்கள்” என்று சொல்லி இன்னொரு பிஸ்கட்டும் தந்தார். திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “நம்முடைய பேராசிரியர் வந்துவிட்டாரா?” என்பது. கடைசி நாள் வரை அந்த வகுப்பில் என் பெயர் அதுதான்.

ஹென்டர்சனிலிருந்து ஒரு தொலைபேசி

வயோதிபர்களைப் பராமரிக்கும் ரெஸ்ட் ஹோம் வேலையை விட்டுவிட்டு, நாற்பது தாண்டிய பிறகு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கதையை இந்தப் பத்தியில் போன கிழமை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு, ஒக்லாந்தின் மேற்கே ஹென்டர்சனிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பிடித்தார். கோயம்புத்தூர்க்காரர்.

“ஏங்க, கடைசி வரியில ‘பிறகு எக்ஸ்சேஞ்ச் மாணவியாக நெதர்லாந்து போனேன்’னு போட்டிருக்கீங்களே, நெஜமாவா? இல்ல சும்மா எழுதுனீங்களா?”

“உண்மைதான். ஒரு செமஸ்டர்.”

“வீட்டுல பேசி சம்மதம் வாங்குனீங்களா?”

“ஓம், கதைச்சனாங்கள்.”

“கதைச்சீங்களா? அப்ப கதை விட்டிருக்கீங்க!”

அவருடைய தமிழில் கதைப்பது என்றால் கதை விடுவது, என்னுடைய தமிழில் பேசுவது. அதை விளக்கி முடிக்கவே கால்மணி நேரம் போயிற்று. அந்தச் சகோதரிக்காக, வீட்டில் நாங்கள் உண்மையில் என்ன கதைத்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாபகூரா குசினியில்

பல்கலைக்கழகத்தில் அந்த விண்ணப்பத்தை நான் போட்டது ஒரு விளையாட்டுக்கு. ஒக்லாந்தின் தெற்கே நாங்கள் இருக்கும் பாபகூராவிலிருந்து நகரத்துக்கு ரயிலில் போகும்போது, பக்கத்து இருக்கைப் பிள்ளைகள் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். நானும் கைத்தொலைபேசியில் தட்டிவிட்டேன். கிடைக்காது என்று நூறு வீதம் நம்பினேன்.

கிடைத்துவிட்டது.

இவர், அதாவது என் கணவர், பஸ் ஓட்டுகிறவர். அன்று வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படிக்கும் எங்கள் ஒரே மகள் ஆரணி மேசையில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்பைப் பார்த்தபடியே செய்தியைச் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை.

“ஒல்லாந்தோ?” என்றார் இவர். “ஒல்லாந்தர் வந்து எங்கட யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்சவங்கள். நீர் போய் அவங்கட நாட்டைப் பிடிச்சுக்கொண்டு வாரும்.”

அதுதான் அவருடைய சம்மதம். எனக்கே நம்ப முடியவில்லை.

ஆரணி சம்மதிக்கவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளைப் போல அவளும் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீசில்தான் பதில் சொல்வாள். அன்றும் இங்கிலீசில்தான் சொன்னாள். மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் ஆசைப்பட்டால் மனுகாவ் ஷாப்பிங் மோலுக்குப் போவார்கள், தன் அம்மாவுக்கு மட்டும் ஐரோப்பா வேண்டுமாம் என்றாள். தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு, இங்கிலீசிலேயே மெதுவாக, “என் சோதனை நேரத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்” என்றாள்.

அவள் சொன்னது சரி. ஒல்லாந்தில் செமஸ்டர் தொடங்குவது செப்டெம்பரில். அவளுக்குப் பெரிய சோதனை, பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை, நவம்பரில்.

அன்று இரவே வர முடியாது என்று எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இவர்தான் தடுத்தார். “நீர் இல்லாட்டிலும் அவள் சோதினை எழுதுவாள். ஆனா நீர் போகாட்டில், ‘உங்களாலதான் நான் போகேல்லை’ எண்டு ஆயுசுக்கும் எங்களைக் குத்திக் காட்டுவீர். அதைத் தாங்கிற சக்தி எங்களுக்கு இல்லை.”

புறப்படும் நாள் வரை ஆரணி என்னோடு கோபித்துக்கொண்டு கதவை அடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அதைவிடக் கதவை அடித்திருக்கலாம்.

எங்களுக்குத் தெரிந்த டச்சு

போவதற்கு முன் இவர் எனக்கு டச்சு வகுப்பு எடுத்தார். சிரிக்காதீர்கள். “எங்களுக்கு டச்சு ஏற்கெனவே தெரியும். கந்தோர் எண்டுறம். அது அவங்கட சொல். லாச்சி எண்டுறம். அதுவும் அவங்கடதான். கக்கூஸும் அவங்கட. இந்த மூண்டும் போதும். வேலை செய்ய ஒரு இடம், சாமான் வைக்க ஒரு இடம், மற்றதுக்கு ஒரு இடம். மனிசனுக்கு வேற என்ன வேணும்?”

நான் தங்கியது ஆறு மாணவர்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு வீட்டில். அதை மேற்பார்வை செய்த பெண்மணி, கழுத்தில் பட்டுத்துணி சுற்றி, மிக நேர்த்தியாக இருந்தார். அவரிடம் என் டச்சைப் பரீட்சித்தேன்.

“கந்தோர்?” என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்து, அலுவலகம் இருந்த பக்கத்தைக் காட்டினார். மேசை இழுப்பறையைத் தொட்டு “லாச்சி?” என்றேன். கையைத் தட்டினார். நியூசிலாந்திலிருந்து வந்த ஒருத்திக்கு இது எப்படித் தெரியும் என்று அவருக்கு ஒரே வியப்பு.

அந்த வியப்பு தந்த தைரியத்தில், “கக்கூஸ் எங்கே?” என்றேன்.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. தான் சரியாகக் கேட்டோமா என்ற சந்தேகத்தில் தலையைச் சாய்த்தார். நான் இன்னும் தெளிவாக, இன்னும் உரக்க, அந்தச் சொல்லை மறுபடி சொன்னேன். வீட்டிலிருந்த டச்சுப் பிள்ளைகள் இரண்டு பேர் அறைகளிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

பிறகுதான் தெரிந்தது. அந்தச் சொல் இன்னும் அங்கே இருக்கிறது. ஆனால் மரியாதையான யாரும் அதை வாயில் எடுப்பதில்லை. தொலைபேசியில் இவரிடம் சண்டைக்குப் போனேன்.

“அதுக்கு நான் என்ன செய்யிறது?” என்றார். “அவங்கள் விட்டிட்டுப் போனதை நாங்கள் கவனமா வச்சிருக்கிறம். அவங்கள் கெடுத்துப்போட்டாங்கள்.”

பின்னால் ஆரணி சிரிக்கும் சத்தம் கேட்டது. “பிள்ளையிட்டக் குடுங்கோ” என்றேன். தொலைபேசி கை மாறியது. “ஹாய்” என்றாள். பிறகு படிக்க வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டாள். அந்த முதல் கிழமைகள் முழுவதும் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு “ஹாய்”தான்.

பகலில் வகுப்பு, நூலகம், ஆட்கள் என்று ஓடிவிடும். மாலையில் அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பெட்டியை எடுத்து வைத்துப் பார்த்த நாட்களும் உண்டு.

பின்னால் மிதித்தால் நிற்கும் சைக்கிள்

அந்த ஊரில் சைக்கிள் இல்லாதவர் முடவர். வகுப்புகள் ஊரின் ஒரு மூலையில், எங்கள் வீடு மறு மூலையில். சைக்கிள் ஓடத் தெரியாத வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மண்டபத்தின் பின்புறம் பயிற்சி கொடுத்தார்கள். என் பக்கத்து அறையில் இருந்த கொரியாப் பெண் மின்ஜிக்கு ஓடத் தெரியாது. துணைக்கு நானும் போனேன்.

பயிற்சி கொடுத்த பெண் என் வயதைப் பார்த்துவிட்டு, குழந்தையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: “பயப்பட வேண்டாம். மெதுவாகச் செய்வோம். முடியாவிட்டால் பரவாயில்லை.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். போர்த் தடையால் பெற்றோலைக் கண்ணாலும் காண முடியாத காலத்தில் வளர்ந்தவள். ரியூசனுக்கும் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் சைக்கிள்தான். மழைக்குக் குடை ஒரு கையில், ஹாண்டில் மறு கையில். அவளிடமிருந்து சைக்கிளை வாங்கினேன், ஏறினேன், மிதித்தேன்.

எத்தனையோ வருடம் தொடாத சைக்கிள். ஆனால் கால்களுக்கு எதுவும் மறக்கவில்லை. காற்று முகத்தில் பட்டது. மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களுக்கு முன்னால் வந்ததும், ஊரில் செய்வது போல, பெடலை ஸ்டைலாகப் பின்பக்கம் சுற்றினேன்.

ஒல்லாந்துச் சைக்கிளுக்கு பிரேக் பெடலிலேயே இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பின்னால் மிதித்தால் நின்றுவிடும். சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. வேலியாக வெட்டி விட்டிருந்த செடிகளுக்குள் போய்த் தலைகீழாகக் கிடந்தேன்.

எழும்பி, தலைமயிரிலிருந்த இலையைத் தட்டிவிட்டு, மறுபடி ஏறினேன். அன்று பின்னேரமே மின்ஜியைக் கரியரில் ஏற்றிக்கொண்டு வீடு போனேன். எங்கள் ஊரில் அதை ‘டபிள்’ என்போம். அந்த நாட்டில் அதைப் பார்த்து ஒருவரும் திரும்பக்கூட இல்லை. அங்கே எல்லோரும் டபிள்தான்.

அடுத்த கிழமை நல்ல மழை. பின்னால் மின்ஜி எங்கள் இருவருக்கும் சேர்த்துக் குடை பிடிக்க, நான் வாய்க்காலோரம் மிதித்துப் போவதை அவளுடைய சிநேகிதி வீடியோ எடுத்தாள். அதை மின்ஜியின் தொலைபேசியிலிருந்து ஆரணியின் நம்பருக்கு அனுப்பச் சொன்னேன். நான் அனுப்புகிறவற்றை அவள் திறந்து பார்ப்பதில்லை. கொரியாவிலிருந்து வந்த புது நம்பரென்றால் பார்ப்பாள் என்று ஒரு கணக்கு.

ஏன் பூட்டினீங்கள்?

நூலகத்தில் இருந்தபோது தொலைபேசி அதிர்ந்தது. ஆரணி. நான் வெளியே ஓடினேன்.

“அம்மா, அது நீங்களோ?” என்றாள். தமிழில்! “நீங்கள் சைக்கிள் ஓடுவீங்களோ? எப்ப பழகினீங்கள்?”

“உன்னைவிடச் சின்ன வயசில.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

சொல்லவில்லைதான். அகதிகளாக வந்து, வாடகை வீடு, மோட்கேஜ் கடன், இரவு வேலை என்று ஓடியதில், சொல்ல வேண்டியவை எங்கேயோ ஒதுங்கிப்போயின. மழைக்கு ஒதுங்கி, நூலகத்தின் தாழ்வாரத்தில் நின்று அவளுக்குச் சொன்னேன். மின்சாரம் இல்லாத நாட்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோக் கேட்டோம் என்று சொன்னேன். பாட்டு இழுபடத் தொடங்கினால் சுற்றுகிறவனுக்கு எல்லோரும் ஏசுவோம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இப்ப அந்தச் சைக்கிள் எங்க?”

அதையும் சொன்னேன். சண்டை நெருங்கி ஊரே வெளிக்கிட்ட நேரம், நாங்கள் கடல்நீரேரிக் கரைக்கு வந்தோம். படகுக்காரர் என்னைப் பார்த்து, “தங்கச்சி, ஆளோ சைக்கிளோ? ரெண்டுக்கும் இடமில்லை” என்றார். ஒரு செடிப் பற்றையோரம் சைக்கிளை நிறுத்தினேன். பூட்டினேன். சாவியை எடுத்துக்கொண்டு படகில் ஏறினேன்.

“விட்டிட்டுத்தானே போறீங்கள். ஏனம்மா பூட்டினீங்கள்?”

“தெரியேல்லைப் பிள்ளை. எப்பவும் பூட்டிறனான்.”

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கும் அதே நிலைமைதான். இருவரும் சளித் தடிமன் என்று சொல்லிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் கூப்பிட்டாள். கதை கேட்பாள். கதை முடிந்ததும் மெல்ல மெல்லத் தன் கதையைத் தொடங்குவாள். இரசாயனப் பாடம் மண்டையில் ஏறவில்லை என்றாள். இவர் வைக்கும் பருப்பில் கரண்டியை நிறுத்தி வைக்கலாம் என்றாள். பாபகூராவில் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

சோதனை நாள்

இங்கே ஒக்லாந்தில் விடிய, அங்கே பொழுது படும். அவளுடைய முதல் சோதனை நாளன்று நான் இரவுச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் காரைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியிருந்தார். காருக்குள் இருந்தபடியே ஆரணி கூப்பிட்டாள்.

“அம்மா, ஒண்டும் ஞாபகம் இல்லை. எல்லாம் போயிட்டுது. நான் உள்ளுக்குப் போகேல்லை.”

படித்ததெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை இவர் ஏற்கெனவே பலமுறை சொல்லியிருப்பார் என்று நினைத்து நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பதிலாக, என் சோதனை நாளின் கதையைச் சொன்னேன். வழியில் சைக்கிள் செயின் கழன்றது. அதை மாட்டிவிட்டு, கழுவ நேரமில்லாமல், இரண்டு கையும் கிறீஸாக மண்டபத்துக்குள் ஓடினேன். விடைத்தாள் முழுக்கக் கறுப்புக் கைரேகை. மேற்பார்வை செய்த ஆசிரியை தாளைத் தூக்கிப் பார்த்து, “பிள்ளை, பெயர் எழுதத் தேவையில்லை. பொலிசிட்டக் குடுத்தாலே ஆளைக் கண்டுபிடிச்சிடுவினம்” என்றார்.

ஆரணி சிரித்தாள். பின்னால் இவரும் சிரித்தார்.

“பாஸ் பண்ணினீங்களோ?”

“அந்தப் பாடத்தில மட்டும்தான் நல்ல மார்க்ஸ்.”

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. “சரி, போறன்” என்றாள். நான் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். மின்ஜி உள்ளே வந்து, “வெங்காயமா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை. கத்தியை வாங்கிக்கொண்டு என்னைக் கதிரையில் இருத்தினாள்.

வீடு

ஜனவரிக் கடைசியில் திரும்பி வந்தேன். ஒக்லாந்தில் நல்ல வெயில். பெட்டியை வைத்ததும் முதலில் குசினிக்குள் போனேன், ஒரு தேநீர் போட. தேயிலை இருந்த இடத்தில் தேயிலை இல்லை. சீனி இருந்த இடத்தில் பஸ் யூனிஃபோர்மின் பொத்தான்கள். நான் பார்த்துப் பார்த்து அடுக்கிய அலமாரி முழுவதையும் இவர் தன் வசதிக்கு மாற்றி வைத்திருந்தார்.

“இரும், இரும். உமக்குத் தெரியாது. நான் போடுறன்” என்றார்.

என் குசினியில் எனக்குத் தெரியாதாம்! ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பிறகு, மேசையடியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருக்க நன்றாகத்தான் இருந்தது.

ஆரணி எதிரே வந்து இருந்தாள். சோதனையில் நன்றாகச் செய்திருந்தாள். அதை ஏற்கெனவே சொல்லியிருந்தாள். சொல்லாத ஒன்றும் இருந்தது.

“அம்மா, டனீடின் யூனிவர்சிட்டியில இடம் கிடைச்சிருக்கு. இங்க ஒக்லாந்திலயும் கிடைச்சிருக்கு. எனக்கு டனீடின்தான் விருப்பம்.” என் முகத்தைப் பார்த்தாள். “நீங்கள் ஓம் எண்டால்தான் போவன்.”

டனீடின் இந்த நாட்டின் மறு கோடி. குளிர். அங்கே எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை. ஆறு பேரோடு ஒரு வீடு எடுப்பாள். மழைக்கு நனைவாள். ஒழுங்காகச் சாப்பிட மாட்டாள். அத்தனை காரணமும் வரிசையாக என் நாக்கு நுனியில் வந்து நின்றன.

அடுப்படியில் இவர் தொண்டையைச் செருமினார். திரும்பிப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சீனி கூடிப்போயிருந்தது.

குடித்தேன். ஆரணி காத்திருந்தாள். “ஓம்” என்று சொல்ல எனக்கு ஒரு முழுக் கோப்பையும் தேவைப்பட்டது.